வெட்டே சாட்சி: சோம்நாத் ஹோரின் அச்சோவியங்கள்

(ஈப்போவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தலைப்பை முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தேன். அறக்கட்டளைக் குழுவில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, பேராக்கில் பேசுவதற்கு வங்காளத்து ஓவியர் எதற்கு? நம்மாள் ஒருத்தரும் கிடைக்கலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இன்றைய உரை.

சோம்நாத் ஹோர் 1947-ல் நோட்டுப் புத்தகத்தோடு வட வங்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார். அங்கே உட்கார்ந்து எழுதினார், வரைந்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் தாம் கண்டதை மரத்திலும் துத்தநாகத் தகட்டிலும் சிமென்ட்டிலும் காகிதக் கூழிலும் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில் பேராக் தோட்டங்களிலும் அரிசித் தட்டுப்பாடு இருந்தது, சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, பிறகு தடையும் வந்தது. ஆனால் நம் லயத்து வீடுகளின் வாசலில் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வந்து உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதி வைத்த கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் வெட்கமில்லை.

ஹோரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவரை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதல் ஹோர் பஞ்சத்தையும் விவசாயிகள் போராட்டத்தையும் வரைந்த கம்யூனிஸ்ட் கட்சி ஓவியர். இரண்டாவது ஹோர் சாந்திநிகேதனில் வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே அருவ ஓவியம் செய்த நவீனர். முன்னவர் மக்களிடம் இருந்தார், பின்னவர் கலையிடம் போய்விட்டார் என்பது அந்தப் பார்வை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆரம்பத்தில் அவருடைய சாட்சியம் வரையப்பட்ட முகத்தில் இருந்தது. மெல்ல மெல்ல அது தகட்டில் விழுந்த வெட்டுக்கு இடம் மாறியது. ஆளும் ஒருவர், வேலையும் ஒன்றுதான். இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. பசி நடத்திய பள்ளிக்கூடம்

ஹோர் 1921-ல் சிட்டகாங் மாவட்டத்து பரமா கிராமத்தில் பிறந்தார். அது இன்றைய வங்கதேசம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். இளைஞராக இருந்தபோது கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கையால் சுவரொட்டி எழுதிக்கொடுத்தார். ஓவியத்துக்குள் அவர் வந்த வழி அதுதான்.

1942 டிசம்பரில் பட்டியா என்ற ஊரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சிதைந்து கிடந்த உடல்களை அவர் கண்ணால் பார்த்தார். அடுத்த ஆண்டு பஞ்சம். ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காரணங்கள் பல: போர்க்கால விலையேற்றம், பதுக்கல், கரையோரப் படகுகளையும் நெல்லையும் அரசாங்கமே அப்புறப்படுத்தியது, 1942-ல் அடித்த புயல். இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அது உங்களுக்குத் தெரிந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோனது. வங்காளத்துக்கும் நின்றது, மலாயாவுக்கும் நின்றது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையைப் பாட்டி வாயால் கேட்காத தோட்டத்து வீடு பேராக்கில் இருக்காது. சிட்டகாங்கில் தெருவோரம் செத்தவர்களுக்கும் சுங்கை சிப்புட்டில் கிழங்கு அவித்தவர்களுக்கும் அரிசி வரவேண்டிய துறைமுகம் ரங்கூன்தான்.

அந்தப் பஞ்சத்தில் ஹோருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஓவியர் சித்தபிரசாத். அவரும் கட்சிக்காரர், ஹோரைவிட ஆறு வயது மூத்தவர். தெருத்தெருவாக, மருத்துவமனைக் கட்டில் கட்டிலாக அழைத்துப்போய், பசித்தவர்களை நேரில் பார்த்து வரையப் பழக்கினார். அந்தக் கோட்டோவியங்கள் கட்சி இதழான 'ஜனயுத்தா'வில் வந்தன. சித்தபிரசாத் தாம் பார்த்ததை 'பசித்த வங்காளம்' என்ற சிறுநூலாக வெளியிட்டார். ஆங்கிலேய அரசாங்கம் 5,000 படிகளைக் கைப்பற்றி எரித்தது. தப்பிய ஒரு படி அவர் குடும்பத்தின் பாதுகாப்பில் இருந்து, பிற்காலத்தில் மறுபதிப்பாக வெளிவந்தது. ஓவியம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதைப் பூட்டி வைத்தால் போதும். அச்சாகிவிட்டால் ஒவ்வொரு படியாகத் தேடித் தேடி எரிக்க வேண்டியிருக்கிறது, அப்போதும் ஒன்று தப்பிவிடுகிறது. ஹோர் பின்னாளில் எண்ணெய்ச் சாயத்தைவிட அச்சோவியத்தை நம்பியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

2. இரண்டு நாட்குறிப்புகள்

1946-ன் கடைசி மாதங்களில் வங்காளத்தில் தேபாகா போராட்டம் வெடித்தது. குத்தகைக்கு உழுகிறவன் விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்குக் கொடுத்துவந்த வழக்கத்தை மாற்றி, மூன்றில் இரண்டு பங்கு உழுகிறவனுக்கே சேர வேண்டும் என்பது கோரிக்கை. அறுத்த நெல்லை நிலக்காரனின் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்தில் அடித்தார்கள். போராட்டம் முழுவதும் அந்த ஒரு செயலில் அடங்கியிருந்தது. கட்சி ஹோரை ரங்பூருக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு 25 வயது, கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரி மாணவர்.

ரங்பூரில் அவர் எழுதியதும் வரைந்ததும் சேர்ந்து 'தேபாகா நாட்குறிப்பு' ஆனது. அறுவடைக்குப் போகிறவர்கள், தடியோடு காவல் நிற்கிறவர்கள், சாக்கைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கிறவர்கள், இரவுக் கூட்டங்கள். யார் எந்த ஊர், வீட்டில் என்ன இருக்கிறது, எதைக் கண்டு பயப்படுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்றெல்லாம் எழுதுகிறார். விவசாயி என்ற பொது மனிதர் அதில் இல்லை. பெயருள்ள ஆட்கள் இருக்கிறார்கள். போராட்டத்தின் வெற்றி தோல்வியைப் பற்றிப் பத்திரிகை நடையில் அவர் எழுதுகிற பகுதிகள் இன்று ஆறிப்போய்விட்டன. ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எழுதிய பகுதிகள் ஆறவில்லை.

அடுத்த ஆண்டு தேயிலைத் தோட்டம். இந்த அவைக்கு நெருக்கமான பகுதி என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

வட வங்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர்கள் பெரும்பாலும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் அல்லர். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒராவன், முண்டா, சந்தால் மக்கள். கொண்டுவந்தவர் சர்தார். நம் கங்காணி என்ன செய்தாரோ அதையேதான் அங்கே சர்தார் செய்தார்: ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் கடன்பட்டவர்களையும் பேசிக் கூட்டிவருவது, ஆள் கணக்குக்குத் தோட்டத்திடம் காசு வாங்குவது, வந்தவர்களைத் தன் பிடிக்குள் வைத்திருப்பது. மலாயாவுக்கு உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-ல் நிறுத்தியது. ஹோர் போன சமயத்தில் அங்கே சர்தாரின் கை இன்னும் ஓங்கித்தான் இருந்தது.

அங்கே அவர் வரைந்தவற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது உட்கார்ந்திருக்கும் உடல்கள். தேயிலை விளம்பரங்களில் கொழுந்து கிள்ளும் பெண் எப்போதும் நின்றுகொண்டு, கூடையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். நம் ரப்பர்த் தோட்டத்துப் பழைய அஞ்சலட்டைகளிலும் மரத்தருகே ஒருவர் உளியோடு நிற்பார். வேலை செய்யும் உடலைத்தான் முதலாளியின் கேமரா பார்க்கும். ஹோர், வேலை முடிந்த உடலைப் பார்க்கிறார். அது எங்கே கூனுகிறது, எந்த முட்டியில் கையை ஊன்றுகிறது, கூட்டத்தில் யாரோ பேசும்போது எப்படிக் கழுத்தை நீட்டுகிறது என்பதையெல்லாம் மெல்லிய கோட்டில் பிடிக்கிறார். படிப்பு முடியாத மாணவரின் கோடு அது, தடுமாற்றங்கள் உண்டு. ஆனாலும் பின்னாளில் வெண்கலத்தில் அவர் செய்யப்போகிற ஒடுங்கிய தோள்கள் அந்த நோட்டிலேயே இருக்கின்றன. அந்தக் குறிப்புகள் 'தேயிலைத் தோட்டக் குறிப்பேடு' என்று அறியப்படுகின்றன. நூல் வடிவில் பரவலாகக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

3. 1948

இதை நீட்டப் போவதில்லை. 1948 மார்ச்சில் மேற்கு வங்க அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. ஹோர் தலைமறைவானார். கல்லூரிப் படிப்பு பாதியில் நின்று, பட்டயம் கைக்கு வர 1957 ஆயிற்று. அதே 1948 ஜூன் 16 அன்று, இங்கே சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் விரிந்தது. சங்கம் என்று வாயெடுத்தவர்கள் சிறைக்கோ நாடுகடத்தும் கப்பலுக்கோ போனார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இரண்டு இடங்களிலும் தடை வந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வங்காளத்தில் தலைமறைவுக்குப் போனவரோடு நோட்டும் போனது. இங்கே எந்த வீட்டில் எந்தத் தாள் கிடைத்தாலும் ஆபத்து என்று எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள். என் குடும்பத்திலேயே தாத்தாவின் சங்கச் சீட்டு அடுப்புக்குப் போனதாகச் சொல்வார்கள்.

4. மரம், பிறகு அமிலம்

கல்கத்தா கல்லூரியில் ஹோருக்கு வாய்த்த ஆசிரியர்கள் ஜைனுல் ஆபெதினும் சஃபியுத்தீன் அகமதும். ஜைனுல் பஞ்சத்தைக் கறுப்பு மையில் வரைந்து புகழ்பெற்றவர், பிறகு டாக்காவின் ஓவியக் கல்லூரியைத் தொடங்கியவர். சஃபியுத்தீனிடம் ஹோர் அச்சோவியம் கற்றார்.

மரத்தில் செதுக்கும் அச்சில் இரண்டு வகை. பலகையின் நீளவாட்டில் செதுக்குவது ஒன்று. மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் கூரிய ஊசியுளியால் நுணுக்கமாகக் கீறுவது மற்றொன்று. இரண்டாவதில் கை கீறிய இடமெல்லாம் மை ஒட்டாமல் வெள்ளையாக வரும். தொடாத இடம் முழுக்கக் கறுப்பு. ஆகவே இருட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கை செய்கிற வேலை வெளிச்சம் போடுவது. தேபாகா நினைவுகளை ஹோர் 1950-களில் இந்த முறையில் செய்தார். விளக்கைச் சுற்றி விவசாயிகள் கூடியிருக்கும் இரவுக் காட்சிகளைப் பாருங்கள். நெற்றி, மூக்கு, ஒரு கன்னம், விரல் முட்டி ஆகியவை மட்டும் நெருக்கமான வெள்ளைக் கீறல்களாக இருளிலிருந்து வெளியே வருகின்றன. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு இப்படித்தான் அடுத்தவர் முகம் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்து எல்லா வேலைகளும் இந்தத் தரத்தில் இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். எழுத்தாளர் லூ ஷுன் 1930-களில் ஊக்குவித்த சீன மரவெட்டு இயக்கத்தின் பிரதிகள் கட்சி வழியாக வங்காளத்துக்கு வந்திருந்தன. ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸின் அச்சோவியங்களும் வந்திருந்தன. சில படங்களில் ஹோரின் விவசாயி கொஞ்சம் சீனத்து விவசாயியாகவே நிமிர்ந்து நிற்கிறார். 1946-ன் பென்சில் கோட்டில் இருந்த தயக்கம் அங்கே காணாமல் போகிறது. கொள்கை தெளிவாக இருக்கிறது, ஆள் மங்கிவிடுகிறார். 1950-களின் நடுவில் அவர் கட்சியை விட்டு விலகினார். அதற்கான காரணங்களுக்குள் நான் போகவில்லை. அந்தப் படங்களில் கை ஏற்கெனவே சலிப்புற்றிருந்ததை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

1958-ல் டில்லி பாலிடெக்னிக்கின் கலைத் துறையில் அச்சோவியப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1967 வரை அங்கே இருந்தார். வசதிகள் குறைவு, தாமாகவே முயன்று கற்ற காலம் அது. இங்கேதான் அமிலம் வருகிறது. தகட்டின் மேல் அமிலம் அரிக்காத பூச்சைப் பூசி, அதைக் கீறி, தகட்டை அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் அரிக்கப்பட்டுக் குழியாகும். குழியில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் குழியிலுள்ள மை தாளுக்கு வரும். எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு ஆழம். எட்சிங் எனப்படும் இந்த முறையில் ஹோர் பல வண்ணங்களில் நுட்பமான அச்சுகளைச் செய்தார், லலித் கலா அகாடமியின் தேசிய விருதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்றார். ஆனால் அந்தப் பத்தாண்டின் பெரிய செய்தி விருது இல்லை. கோட்டுக்காகத் தகட்டை அரித்தவர், கொஞ்சம் கொஞ்சமாக அரிப்புக்காகவே அரிக்கத் தொடங்கினார். தகடு ஓட்டையாகும் அளவுக்கு ஆழமாகப் போனார். பிசிறும் பிளவும் விளிம்பின் கரட்டுத்தன்மையும் பிழையாகத் தெரியாமல், சொல்லவந்த விஷயமாகவே ஆயின.

5. 'காயங்கள்'

1969-ல் சாந்திநிகேதன் கலாபவனத்தின் அச்சோவியத் துறைக்குத் தலைமை ஏற்றார். ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியும் சிற்பி ராம்கிங்கர் பைஜும் அங்கே இருந்தார்கள். வெளியே காலம் கொதித்துக்கொண்டிருந்தது. கல்கத்தாத் தெருக்களில் நக்சல்பாரி இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். வியட்நாம் எரிந்தது. 1971-ல் அவர் பிறந்த கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் 'காயங்கள்' வரிசை பிறந்தது.

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. களிமண்ணையோ மெழுகையோ பலகைபோலப் பரப்புகிறார். கத்தியால் கீறுகிறார், குத்துகிறார், காய்ச்சிய கம்பியால் சுடுகிறார். அதன் மேல் சிமென்ட் ஊற்றி அச்சு எடுக்கிறார். களிமண்ணில் குழிந்தது சிமென்ட்டில் மேடாக நிற்கிறது. சிமென்ட் அச்சின் மேல் ஈரக் காகிதக் கூழைப் பரப்பி, அழுத்தி, காயவிட்டு உரிக்கிறார். மேடு இப்போது தாளில் மறுபடி குழிகிறது. மையே கிடையாது. வெள்ளைத் தாள், அதில் கிழிந்த வெள்ளை. சிலவற்றில் மட்டும் சிவப்பு ஒரு துளி தொட்டிருக்கும். நேருக்கு நேர் விளக்கைப் போட்டு மாட்டினால் வெறுந்தாள் மாதிரி தெரியும். பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் குழியின் உதடு நிழல் போடும். புத்தகத்தில் அச்சான படத்தை வைத்து இதை மதிப்பிட்டவர்கள் பலர், பாவம், எதையும் பார்க்கவில்லை.

மற்ற அச்சோவியங்களில் வெட்டு தகட்டில் இருக்கும், தாளில் இருப்பது அதன் மை. இங்கே வெட்டு தாளிலேயே இருக்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படும். தழும்பேறிய மரம், லாரிச் சக்கரம் கிழித்த சாலை, காரணமில்லாமல் கத்திக்குத்துப்பட்ட மனிதன் எல்லாம் தமக்கு ஒரே வரிசையில் தெரிந்ததாக ஹோர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தழும்பேறிய மரம் என்றதும் இந்த அவையில் பலருக்கு எந்த மரம் நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பால் வெட்டு தெரியாத இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரப்பர்ப் பால் பட்டையில் இருக்கிறது. அதிலும் வெளிப்பக்கம் குறைவு. உள்ளே, மரம் பருப்பதற்குக் காரணமான மெல்லிய படலத்துக்கு ஒட்டினாற்போலத்தான் நல்ல பால். உளி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். மேலோடு போனால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும், மறுபட்டை வளரும்போது அந்த இடம் முண்டு முடிச்சாகப் புடைக்கும், அடுத்த சுற்றில் அங்கே உளி ஓடாது, மேற்பார்வை செய்யும் மண்டோர் பார்த்தால் வசவு விழும். இதையெல்லாம் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டே செய்ய வேண்டும். கண்ணால் ஆழத்தை அளக்க முடியாது. மணிக்கட்டுக்குத்தான் தெரியும். என் தாயார் அந்த வேலையை இருபது ஆண்டுக்கு மேல் செய்தவர். எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "கை சொல்லும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இந்த வெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1877-ல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இருபது ஆண்டுக்குப் பிறகுதான் சரியாகப் பிடிபட்டது. பிரேசிலில் சிறு கோடாரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள், மரம் சீரழியும். 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். புதிய இடத்தில் வெட்டாமல், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லிசாகச் சீவித் திறந்தால் பால் கூடுகிறது, மரமும் பிழைக்கிறது. மலாயாவின் பெருந்தோட்டப் பொருளாதாரம் முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்தது. ஆறிவரும் இடத்தை விட்டு விட்டுத் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஹோரின் கையும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்கியது என்பது என் வாதம். 1942-ல் பட்டியாவில் பார்த்ததையும் 1943-ல் தெருவில் பார்த்ததையும் அவர் ஆறவிடவில்லை. புதிய விஷயம் தேடிப் போகவும் இல்லை. அதே கோட்டின் விளிம்பை 1950-களில் மரத்திலும், 1960-களில் தகட்டிலும், 1971-ல் கூழிலும் மீண்டும் சீவினார். வியட்நாமும் வங்கதேசமும் அவருக்குப் புதிய செய்திகளாக வரவில்லை, பழைய வெட்டில் ஊறி வந்தன. அதனால்தான் 'காயங்களை' மக்களை விட்டு விலகிய கலை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. வலுவானது, மறைக்க விரும்பவில்லை. ரங்பூர் நாட்குறிப்பில் ஆளுக்குப் பெயர் இருந்தது. 'காயங்களில்' யாருக்கும் பெயரில்லை. யாரை யார் வெட்டினார்கள் என்பதும் இல்லை. வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் பொதுவான ஒரு துயரமாக எல்லாம் கரைந்துவிடுகிறதே என்று கேட்கலாம். அந்த முகங்கள் இல்லாதது எனக்கும் குறையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1974 வாக்கில் அவர் வெண்கலத்துக்குப் போனார். மெழுகுத் தகடுகளை வெட்டி, மடித்து, ஒட்டி, அதை வெண்கலமாக வார்த்தார். முகங்களும் உடல்களும் திரும்பி வந்துவிட்டன: எலும்பு துருத்திய ஆடு, பிச்சை எடுப்பவர், குழந்தையை அணைத்த தாய். இம்முறை உடல்களின் தோலே 'காயங்களின்' கிழிந்த தாளால் ஆனது போலிருக்கிறது. இளமையில் வரைந்த ஆட்கள்தான் வெட்டின் வழியாகத் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு ஹோர் என்று பிரித்துவிட்டால் இந்த வெண்கலங்களை எந்தப் பக்கம் வைப்பது?

1977-ல் வியட்நாம் மக்களுக்குக் காணிக்கையாகத் தாயும் சேயும் கொண்ட பெரிய வெண்கலச் சிற்பம் ஒன்றைச் செய்து முடித்தார். முடித்த கையோடு அது கலாபவனத்திலிருந்து திருடு போனது. கிடைக்கவே இல்லை. அதன் பிறகு பெரும்பாலும் கையடக்கமான சிறு உருவங்களையே செய்தார். 2006-ல் சாந்திநிகேதனில் காலமானார். பத்மபூஷண் மறு ஆண்டு, அவர் மறைவுக்குப் பின் வந்தது. வந்து என்ன.

6. நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

தோட்டத்து வாழ்வை எழுத்தில் பதிந்தவர்கள் நமக்கு உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலையில் மாண்டவர்களைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்த அகிலன் 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். ஓவியத்தில் கணக்குப் பார்த்தால் கை விரிக்க வேண்டியிருக்கிறது. ஹோரைத் தொட்ட அதே சீன மரவெட்டு மலாயாவுக்கும் வந்தது. 1966-ல் சிங்கப்பூரில் ஆறு ஓவியர்கள் சேர்ந்து மரவெட்டு அச்சுகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். கூலிகளும் ஆற்றோரக் குடிசைகளும் அவற்றில் உண்டு. அது சீனப் பள்ளிகளின் வழியாகவும் சீனப் பத்திரிகைகளின் வழியாகவும் ஓடிய ஆறு. பக்கத்துத் தோட்டத்து லயம் வரை அந்தத் தண்ணீர் வரவில்லை.

நம்மவர்கள் உருவம் செய்யவே இல்லை என்று சொல்ல முடியாது. பத்து காஜாவுக்குப் பக்கத்தில், கெல்லி மாளிகையை அடுத்துள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மேலே தெய்வ உருவங்களுக்கு நடுவில் வெள்ளை உடுப்பு போட்ட ஒருவர் நிற்கிறார். வில்லியம் கெல்லி ஸ்மித் என்று சொல்வார்கள். தோட்டத்துத் தமிழர்கள் சுதையில் நிலைநிறுத்திய மனிதர் தோட்டத்து முதலாளி. மாளிகைக்குச் செங்கல் சுமந்தவர் அங்கே இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கோயில் கட்டக் காசு கொடுத்தவரைக் கோபுரத்தில் வைப்பது நம் ஊர் வழக்கம்தான். சுமந்தவரை வைக்க வேறோர் இடம் தேவைப்பட்டது, அந்த இடத்தை நாம் உண்டாக்கவில்லை.

இப்போது தோட்டங்களே குறைந்துவிட்டன. பெருந்தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது போனது கொஞ்சம். 1960-ல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் காசைச் சேர்த்து வாங்கிக் காப்பாற்றியது கொஞ்சம். செம்பனைக்கு மாறியது நிறைய. வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது மிச்சம். லயம் இடிந்த இடத்தில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் நிற்பதை வழி நெடுகப் பார்க்கிறோம். ஆனால் பழைய ரப்பர் மரங்கள் கைவிடப்பட்ட மூலைகளில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய மணிக்கட்டு எழுதிய கோடு இருக்கிறது. அவசரத்தில் ஆழமாகப் போன இடம், கை நிதானமாக இருந்த இடம், ஆள் மாறிய இடம் எல்லாம் தெரியும்.

ஆகவே அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். ஹோரின் கூழ் முறைக்கு அச்சு இயந்திரம் வேண்டாம், உலோகத் தகடு வேண்டாம், அமிலம் வேண்டாம். களிமண், சிமென்ட், பழைய பருத்தித் துணியோ காகிதமோ ஊறவைத்து அரைத்த கூழ், இவ்வளவுதான். மரத்தின் வெட்டுப்பட்ட பட்டையில் களிமண்ணை அழுத்தி எடுத்து, அதிலிருந்து சிமென்ட் அச்சும், அச்சிலிருந்து தாளும் எடுக்கலாம். ஹோர் களிமண்ணிலேயே நேரடியாகக் கீறினார். நாம் மரத்திலிருந்து தொடங்குவதால் ஒரு படி கூடுகிறது. மேடும் பள்ளமும் மாறி, உளி இறங்கிய கோடு தாளில் தழும்பாக மேலெழுந்து நிற்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். தாளின் அடியில் தோட்டத்தின் பெயரையும், அந்த நிரையை வெட்டியவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். ஹோர் 'காயங்களில்' விட்ட பெயரை நாம் விட வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு இந்த மேடையில் இன்னோர் உரைக்குப் பதிலாக அந்தப் பட்டறையை நடத்தலாம் என்று குழு ஒப்புக்கொண்டால், கூழுக்கும் சிமென்ட்டுக்கும் நான் பொறுப்பு. எந்த மரம், எந்த நிரை, யாருடைய வெட்டு என்று காட்டித்தர வேண்டியவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே மேசையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.